மஸ்டாங்கைத் திறக்கத் தெரிந்த கைகள்

பூச்சோங் பட்டறைகளில் தொழில் பழகும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

பூச்சோங் தொழிற்பேட்டையிலும் பதினாலாம் கட்டையிலும் கின்ராராவிலும் காலையில் பட்டறைக் கதவைத் தூக்கிவிட்டு, மாலையில் கிரீஸ் படிந்த கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வீடு திரும்பும் உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள், அப்பாவின் பட்டறையில் கூடமாட நிற்பவர்கள், எஸ்பிஎம் முடித்த கையோடு "ஒரு கைத்தொழில் பழகட்டும்" என்று வீட்டார் கொண்டுவந்து விட்டவர்கள், எல்லாருக்கும்தான்.

எழுதக் காரணம் மஸ்டாங். எல்டிபி நெடுஞ்சாலையில் ஒரு மஸ்டாங் போனால் திரும்பிப் பார்க்காமலேயே, சத்தத்தை வைத்து வி8 எஞ்சினா நான்கு சிலிண்டரா என்று சொல்லிவிடுகிறீர்கள். அந்தக் காது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் அந்த ஆசை உங்களை இரண்டு பக்கம் இழுக்கும். கடனை வாங்கியாவது அந்த வண்டிக்குச் சொந்தக்காரராகிவிட வேண்டும் என்பது ஒரு பக்கம். அதைத் திறந்து, கோளாறு கண்டுபிடித்து, சரிசெய்து தரத் தெரிந்தவராக வேண்டும் என்பது மறுபக்கம். முதல் பக்கத்துக்கு உங்களை அழைக்க ஊரில் ஆள் நிறைய உண்டு. இரண்டாவது பக்கத்துக்கு அழைக்கவே இந்த மடல்.

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் வெளிநாடுகளில் எப்படி விலைபோனது என்ற கதையைத் தெரிந்துகொண்டால், அந்தக் கதையில் உங்களுக்கு எங்கே இடம் இருக்கிறது என்பது தானாகத் தெரியும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஃபோர்டு என்ற பெயர் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1926இலேயே சிங்கப்பூரில் 'ஃபோர்டு மலாயா' கம்பெனி பதிவாகிவிட்டது. அதன் தாய் நிறுவனம் அமெரிக்க ஃபோர்டு அல்ல, கனடா ஃபோர்டு. அன்று பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த நாடுகளின் சந்தை கனடாவின் பொறுப்பில் இருந்தது. இடப்பக்கமாக வண்டி ஓட்டும் நம்மைப் போன்ற நாடுகளுக்கு வலப்பக்க ஸ்டியரிங் வைத்த ஃபோர்டுகளை அனுப்பியதும் கனடாதான். 1941 அக்டோபரில் புக்கிட் தீமாவில் அவர்கள் கட்டி முடித்த ஆலையில்தான், நான்கே மாதத்தில், 1942 பிப்ரவரி 15 அன்று, பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. பிற்காலத்தில் ஷா ஆலாமிலேயே ஃபோர்டு கார்கள் பொருத்தப்பட்டன. உங்கள் தாத்தா காலத்துப் போமன்கள் பிரித்துப் பிரித்துக் கைபழகிய ஃபோர்டு லேசரை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் மஸ்டாங் மட்டும் இந்த வரிசையில் வரவில்லை. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான அந்த வண்டி, அதன்பின் ஐம்பது ஆண்டுகள் ஆலையில் இடப்பக்க ஸ்டியரிங்கோடுதான் தயாரானது. திரைப்படங்கள் அதை உலகம் முழுவதும் காட்டின. ஆசை எல்லா நாட்டிலும் இருந்தது, ஆனால் இடப்பக்கமாக ஓட்டும் நாடுகளுக்கு ஏற்ற வண்டி ஆலையிலிருந்து வரவில்லை. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு கம்பெனியே 1965, 1966இல் இருநூற்றுச் சொச்சம் மஸ்டாங்குகளை வலப்பக்கத்துக்கு மாற்றி விற்றது. மற்ற இடங்களில் ஆசைப்பட்டவர்கள் தனியார் பட்டறையைத் தேடிப் போனார்கள்.

அப்படி மாற்றுவது என்றால் என்ன வேலை என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எஞ்சினுக்கும் ஆளுக்கும் நடுவில் இருக்கும் தகட்டுச் சுவரை வெட்டி மறுபடி பற்றவைக்க வேண்டும். ஸ்டியரிங் ரேக், பெடல்கள், பிரேக் பூஸ்டர், டேஷ்போர்டு, வயரிங், வைப்பர் எல்லாம் இடம் மாற வேண்டும். பற்றவைப்பு ஒரு இடத்தில் சரியில்லை என்றால், நூறு கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிற பிரேக் ஒரு உயிரை எடுத்துவிடும். அந்த ஐம்பது ஆண்டுகளும் வலப்பக்கத்துக்கு மாற்றப்பட்டு ஓடிய மஸ்டாங்கின் தரம், மாற்றியமைத்த ஆளின் தரத்தைப் பொறுத்தே இருந்தது.

2015இல்தான் நிலைமை மாறியது. மிஷிகன் மாநிலத்தின் ஃபிளாட் ராக் ஆலையில் ஆறாம் தலைமுறை மஸ்டாங் வலப்பக்க ஸ்டியரிங்கோடு உருண்டு வந்தது. அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2016இல் உலகம் முழுவதும் ஒன்றரை லட்சம் மஸ்டாங்குகள் விற்றதாகவும், அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு வெளியே போனதாகவும் ஃபோர்டு அறிவித்தது. 2017இல் ஆஸ்திரேலியாவில் மட்டும் 9,165 வண்டிகள். அதே 2016இல் ஃபோர்டு நிறுவனம் ஜப்பானிலும் இந்தோனேசியாவிலும் கடையைக் கட்டிக்கொண்டு வெளியேறிக் கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதன் சாதாரண கார்கள் சில நாடுகளில் தடுமாறிய நேரத்தில்தான் மஸ்டாங் வெளிநாடுகளில் கால் ஊன்றியது.

இன்னொரு அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான கோர்வெட்டும் இதே பாடத்தைச் சொல்கிறது. 1953இல் பிறந்த அந்த வண்டிக்கு ஆலையிலேயே வலப்பக்க ஸ்டியரிங் கிடைத்தது 2019இல் அறிமுகமான எட்டாம் தலைமுறையில்தான். அதன் பிறகே ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் வலப்பக்க ஸ்டியரிங் கோர்வெட் ஆலையிலிருந்தே விற்பனைக்கு வந்தது. கமாரோவும் டாட்ஜ் சாலஞ்சரும் கடைசி வரை ஆலையில் மாறவில்லை. கமாரோவைச் சில காலம் மெல்பர்னில் ஒரு நிறுவனம் பிரித்து மாற்றி விற்றது, அதுவும் நின்றுபோனது. சாலஞ்சரின் கதை 2023 இறுதியில் முடிந்தது. இத்தனைக்கும் வி8 சத்தத்தில் அவை எவற்றுக்கும் குறைந்தவை அல்ல.

நம் நாட்டுக்கு மஸ்டாங் முறைப்படி வந்தது 2016 ஜூனில். 2.3 லிட்டர் எஞ்சின் வண்டி 4 லட்சத்து 89 ஆயிரம் வெள்ளி. 5.0 லிட்டர் ஜிடி 5 லட்சத்து 99 ஆயிரம் வெள்ளி. அன்று அமெரிக்காவில் ஜிடியின் தொடக்க விலை ஏறத்தாழ 33,000 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் 1 லட்சத்து 35 ஆயிரம் வெள்ளியை ஒட்டி வரும். கடல் தாண்டியதும் விலை நான்கு மடங்குக்கு மேல் போய்விட்டது.

கப்பல் கூலியால் அவ்வளவு ஏறாது, வரியால் ஏறும். அமெரிக்காவிலிருந்து முழுமையாக வந்திறங்கும் காருக்கு 30 விழுக்காடு இறக்குமதி வரி. அதையும் சேர்த்த தொகையின் மீது, 2,500 சிசிக்கு மேற்பட்ட எஞ்சினானால், 105 விழுக்காடு கலால் வரி. அதற்கும் மேல், இப்போதைய கணக்கில், விற்பனை வரி 10 விழுக்காடு. 100 வெள்ளிப் பொருள் 130 ஆகி, 266 ஆகி, 293இல் வந்து நிற்கிறது. விற்பவரின் லாபம், செலவு எல்லாம் அதற்குப் பிறகுதான். 1985இல் முதல் சாகா ஓடத் தொடங்கியதிலிருந்து உள்நாட்டுக் கார் தொழிலைக் காப்பாற்ற நாடு எழுப்பிய வேலி இது. அந்த வேலியின் நிழலில்தான் நம் உறவுகளில் எத்தனையோ பேர் புரோட்டான், பெரோடுவா ஆலைகளிலும் உதிரிபாகக் கம்பெனிகளிலும் வேலை பார்த்துக் குடும்பம் நடத்துகிறார்கள். ஆகவே வரியைத் திட்டிவிட்டுப் போய்விட எனக்கு மனம் வரவில்லை.

புது வண்டி எட்டாத உயரத்தில் இருப்பதால், பெரும்பாலும் உங்கள் கைக்கு வருவது ரீகொன் மஸ்டாங். பிரிட்டனில் ஓடிய வண்டி அது. அங்கும் நம்மைப் போல வலப்பக்க ஸ்டியரிங். ஏபி எனும் இறக்குமதி அனுமதியோடு கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, புஸ்பகோம் சோதனை தாண்டி, ஜேபிஜேயில் பதிவாகி வருகிறது. மேல்நாட்டில் இருந்த உத்தரவாதம் பெரும்பாலும் அதன் பின்னால் வருவதில்லை. வாங்கியவர் முதல் கோளாறு வந்ததும் ஒரு நம்பிக்கையான பட்டறையைத் தேடுவார். தம்பிகளே, தங்கைகளே, நான் சொல்ல வந்த இடம் இதுதான். ஃபிளாட் ராக்கில் தொடங்கிய அந்த நீண்ட விற்பனைக் கதை கடைசியில் உங்கள் பட்டறை வாசலில் வந்து நிற்கிறது. திறக்கத் தெரிந்தவர் அங்கே இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

என்ன தெரிந்திருக்க வேண்டும்? சிலவற்றை மட்டும் சொல்கிறேன், மற்றதை நீங்களே தோண்டி எடுப்பீர்கள்.

முதலில் வண்டியைப் படியுங்கள். முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தில் 17 எழுத்து கொண்ட அடையாள எண் இருக்கும். முதல் எழுத்து 1 என்றால் அமெரிக்காவில் செய்தது. எட்டாவது எழுத்து எஃப் என்றால் 5.0 வி8, எச் என்றால் 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர். பத்தாவது எழுத்து மாடல் ஆண்டு: ஜி 2016, எச் 2017, ஜே 2018. பதினோராவது இடத்தில் 5 இருந்தால் ஃபிளாட் ராக் ஆலை. பின்னால் 'ஜிடி' சின்னம் ஒட்டி, நான்கு புகைக்குழாய் மாட்டி நிற்கும் வண்டி உண்மையில் எது என்பதை இந்த ஒரு வரி சொல்லிவிடும். வாங்கப் போகிறவர் உங்களைக் கூட அழைத்துப் போனால், அரை நிமிடத்தில் அவருடைய பல பத்தாயிரம் வெள்ளியைக் காப்பாற்றலாம்.

அடுத்து மீட்டர். பிரிட்டன் வண்டியில் வேகமும் தூரமும் மைலில் இருக்கும். 30,000 என்று காட்டினால் அது மைலா கிலோமீட்டரா என்று கேளுங்கள். மைலானால் 48,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. பராமரிப்புக் கணக்கு முழுவதும் அதைப் பொறுத்து மாறும்.

ஆண்டையும் கவனியுங்கள். 2017 ஜனவரியில் ஐரோப்பிய மோதல் சோதனையில் மஸ்டாங்குக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம்தான் கிடைத்தது. மேம்படுத்திய மாடலை அதே ஆண்டு மறுபடி சோதித்தபோது மூன்று கிடைத்தது. முகப்பு மாறிய மாடலுக்கும் பழையதற்கும் உள்ள வித்தியாசம் அழகில் மட்டும் இல்லை. வாடிக்கையாளர் குழந்தையைப் பின்னிருக்கையில் ஏற்றுகிறவர் என்றால் அவருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போது கைவேலை. சக்கர நட்டைக் கழற்றுவதிலேயே இந்த வண்டி வேறு என்று தெரிந்துவிடும். மைவியிலும் சாகாவிலும் 12 மில்லிமீட்டர் போல்ட். இதில் 14 மில்லிமீட்டர். முறுக்கு அளவு 204 நியூட்டன் மீட்டர், சிறிய கார்களுக்கு வைப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏர் கன்னால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அனுப்பும் பழக்கம் இங்கே உதவாது. டார்க் ரெஞ்சை எடுத்து, நட்சத்திர வரிசையில் முறுக்கி, கிளிக் கேட்ட பிறகு கையை எடுங்கள். ஐந்து போல்ட்டுக்கு 114.3 என்ற இடைவெளி ஹோண்டாவிலும் இருக்கிறதே, ரிம் மாற்றி மாட்டலாமே என்று யாராவது கேட்பார். ஹோண்டா ரிம்மின் நடுத்துளை 64.1 மில்லிமீட்டர். மஸ்டாங்கின் ஹப் 70க்கு மேல். உட்காராது. இதைக் காரணத்தோடு சொல்லத் தெரிந்த பையனிடம் அடுத்த முறையும் அந்த வாடிக்கையாளர் வருவார்.

எண்ணெயில் மிகவும் கவனம் வேண்டும். 2017 மாடல் வரையிலான வி8 எஞ்சினுக்கு 5டபிள்யூ-20 எண்ணெய் 7.6 லிட்டர் பிடிக்கும். கியர் பாக்ஸ் எண்ணெயில் தவறு நேர்ந்தால் பட்டறையின் பெயரே போய்விடும். ஆறு கியர் ஆட்டோ பாக்ஸுக்கு மெர்கான் எல்வி. 2018 மாடலிலிருந்து வந்த பத்து கியர் பாக்ஸுக்கு மெர்கான் யூஎல்வி. ஒன்றை மற்றொன்றுக்கு ஊற்றக்கூடாது. கடையில் இருக்கும் பொதுவான சிவப்பு எண்ணெய் இரண்டுக்கும் ஆகாது. டின்னில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு ஊற்றுங்கள். தெரியவில்லை என்றால் வண்டியை ஒரு நாள் நிறுத்தி வைத்துக் கேட்டுவிட்டு ஊற்றுங்கள். ஒரு நாள் தாமதத்தை வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார், கருகிய கியர் பாக்ஸைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

இந்த அறிவு கையில் மட்டும் இருந்தால் போதாது, காகிதத்திலும் ஏற வேண்டும். உங்களில் பலர் ஐந்து, பத்து ஆண்டாக எஞ்சின் இறக்கி ஏற்றுகிறீர்கள். சான்றிதழ் கேட்டால் ஒன்றும் இல்லை. எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வகுப்புக்குப் போய்த்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பட்டறையில் செய்த வேலையையே ஆதாரமாகத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் நிரூபித்துப் பெறும் வழி உண்டு. அதற்குப் பிபிடி என்று பெயர், ஜேபிகே எனும் திறன் மேம்பாட்டுத் துறை நடத்துகிறது. இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு எஸ்எல்டிஎன் திட்டம் இருக்கிறது. பெரும்பகுதிப் பயிற்சி வேலையிடத்தில், மீதி வகுப்பறையில். பயிற்சிக் கட்டணத்துக்குப் பிடிபிகே கடனுதவி இருக்கிறது. முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை: பையன் சான்றிதழ் வாங்கினால் வேறிடம் போய்விடுவான் என்று பயந்து தடுக்காதீர்கள். பத்து ஆண்டு உழைத்தவனுக்குக் காட்ட ஒரு தாள் இல்லாமல் செய்வது பாவம்.

தங்கைகளிடம் தனியாகச் சொல்கிறேன். கோளாறு பார்க்கும் வேலையில் பாதி இன்று கணினியில் நடக்கிறது. கருவியை மாட்டி, குறியீட்டை வாசித்து, எந்த சென்சார் சொல்வதை நம்பலாம் என்று யோசிக்கும் வேலைக்குத் தோள் வலிமை முக்கியமில்லை. பட்டறை உங்களுக்கு இல்லை என்று யாராவது சொன்னால், அது அந்தக் காலம் என்று சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள்.

இனி, கடன் வாங்கி வண்டிக்குச் சொந்தக்காரராகும் அந்த முதல் பக்கத்துக்கு வருகிறேன். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 3 லட்சம் வெள்ளி என்று ஒரு ரீகொன் ஜிடியின் விலையை வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் 30 ஆயிரம் கட்டி, மீதி 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலையான வட்டியில் ஒன்பது ஆண்டுக் கடன் எடுத்தால், மாதத் தவணை 3,175 வெள்ளி. 4,951 சிசி எஞ்சினுக்கு ஆண்டு ரோட்டெக்ஸ் 10,909 வெள்ளி 50 சென், மாதக் கணக்கில் 900க்கு மேல். இரண்டும் சேர்த்து 4,000ஐத் தாண்டிவிட்டது. இன்சூரன்ஸ், பெட்ரோல், டயர் எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. உங்கள் 1.3 மைவியின் ரோட்டெக்ஸ் ஆண்டுக்கு 70 வெள்ளி. இருபத்திரண்டு வயதில் கையெழுத்துப் போட்டால் முப்பத்தொன்று வரை அந்த வண்டிக்குத்தான் வேலை செய்வீர்கள். கல்யாணம், வீடு, தங்கையின் படிப்பு எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

ஆசைப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. சொந்தப் பட்டறை வைத்து, வருமானம் நிலைத்த பிறகு ஒருநாள் வாங்குங்கள், முதல் ஆளாக வந்து வாழ்த்துவேன். ஆனால் அதே 30 ஆயிரம் முன்பணத்தை ஒரு நல்ல கோளாறறி கருவியிலும், தரமான லிஃப்டிலும், சான்றிதழிலும் போட்டால், மாதம் பணம் கட்டும் நிலை மாறி மாதம் பணம் வாங்கும் நிலை வரும். அந்த வண்டியைத் தொட்டுப் பழகும் வாய்ப்பும் அதைக் கடனில் வைத்திருப்பவரைவிட உங்களுக்கே அதிகம்.

நம்மவர் கை இந்த உலகச் சந்தைக்குச் சளைத்ததல்ல. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் தமிழ்ப் பிள்ளைகள் பொருத்திய ஈக்கோஸ்போர்ட் கார்கள் 2018 முதல் அமெரிக்காவிலேயே விற்பனையாகின. அமெரிக்கக் கம்பெனியின் காரை அமெரிக்கர்களுக்கே செய்து அனுப்பினார்கள். 2021இல் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது அந்த ஆலையின் தொழிலாளர் குடும்பங்கள் பட்ட பாடு பெரிது. பிறகு அதே ஆலையில் எஞ்சின் தயாரிக்கத் திரும்பி வருவதாக அந்தக் கம்பெனியே தமிழ்நாட்டு அரசோடு ஒப்பந்தம் போட்டது. கம்பெனிகள் வரும், போகும். வண்டியின் பெயர் மாறும். நாளை மின்சார வண்டியின் உயர் அழுத்த பேட்டரியைத் திறக்கும் வேலை வரும். அப்போதும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இதைத் திறக்கத் தெரிந்தவர் யார்?

ஆகவே உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். இந்த மாதத்துக்குள் பிபிடி அல்லது எஸ்எல்டிஎன் பற்றி நேரில் போய் விசாரியுங்கள். பூச்சோங்கில் நாலைந்து பட்டறைப் பிள்ளைகள் சேர்ந்து வாரம் ஒரு மாலை உட்காருங்கள். ஆளுக்கு ஒரு வண்டியைப் படித்து வந்து மற்றவருக்குத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். மூன்றாவதாக, செய்த வேலையைத் தேதியோடு, எண்ணெயின் பெயரோடு, முறுக்கு அளவோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாடிக்கையாளரிடம் அதன் பிரதியைக் கொடுங்கள். சான்றிதழுக்கு ஆதாரமும் அந்த நோட்டுதான், உங்கள் பெயருக்கு ஆதாரமும் அதுதான்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மஸ்டாங் கோளாறாகி நின்றால், "பூச்சோங்குக்குக் கொண்டுபோ, அங்கே நம் பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள்" என்று சொந்தக்காரர் எந்த இனத்தவரானாலும் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சை நான் கேட்க விரும்புகிறேன். அதற்கான திறமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. உழைப்பைக் கூட்டுங்கள், தாளை வாங்குங்கள், பெயரை நிலைநாட்டுங்கள்.

உங்கள் மீது நம்பிக்கை கொண்ட,
பூச்சோங் வாசி